வெளுத்துப்போன கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்கள்: நிறம் போனதா, மேற்பரப்பு தேய்ந்ததா?

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் கார் பெரும்பாலும் திறந்த வெளியில்தான் நிற்கிறது. பெயிண்ட் இன்னும் பளபளப்பாகவே இருக்கிறது. ஆனால் பெயிண்ட் பூசப்படாத கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்கள், அதாவது பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவுகளைச் சுற்றியுள்ள கிளாடிங், முன்கண்ணாடிக்கு அடியில் வைப்பர்கள் பொருத்தப்பட்டிருக்கும் தட்டு ஆகிய மூன்றும் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிட்டன. பிற்பகல் வெயில் படும் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட மோசமாக இருக்கிறது.

சென்ற மாதம் வண்டியைக் கழுவக் கொடுத்த இடத்தில் ஏதோ ஒரு திரவத்தைத் தடவிக் கன்னங்கரேலென்று ஆக்கித் தந்தார்கள். பத்து நாள்தான் நிலைத்தது. மழை பெய்த மறுநாள் பார்த்தால், கதவின் பெயிண்ட் மீது எண்ணெய்க் கோடுகள் வழிந்திருந்தன. கிளாடிங் திட்டுத்திட்டாக வெளுத்து முன்பைவிட அசிங்கமாகத் தெரிந்தது. சுடுகாற்றைப் பீய்ச்சும் ஹீட் கன்னால் சூடு காட்டினால் புதிதுபோல் ஆகிவிடும் என்று சிலரும், கறுப்பு ஸ்பிரே பெயிண்ட் அடித்துவிடுவதே நல்லது என்று சிலரும் சொல்கிறார்கள். இவற்றுள் எது நிலைக்கும் என்பதையும், இந்தப் பாகங்கள் இனித் தேறுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேற்பரப்பு எழுதியது:

நண்பரே, எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். வெளுத்த இடத்தைச் சோப்பு நீரால் நன்றாகக் கழுவிக் காயவிட்டு, ஈரத்துணியால் ஒரு கையகல இடத்தை மட்டும் நனையுங்கள். நனைந்த இடம் உடனே கறுத்து, காய்ந்ததும் மீண்டும் வெளுத்தால், உங்கள் பிளாஸ்டிக்கின் கறுப்பு எங்கும் போய்விடவில்லை என்று பொருள்.

இதற்குக் காரணம் உண்டு. இந்தப் பாகங்களில் பெரும்பாலானவை பாலிபுரோப்பிலீனால் ஆனவை. விறைப்புக்காக டால்க் தூளும், அடிபட்டால் உடையாமல் இருக்க ஈபிடிஎம் ரப்பரும் அதில் கலக்கப்படுகின்றன. பாகத்தின் பின்புறத்தைப் பார்த்தால் அம்புக்குறிகளுக்கிடையே இந்தக் கலவையின் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். அதன் முடிவில் 20 என்ற எண் இருந்தால், எடையில் ஐந்தில் ஒரு பங்கு டால்க் என்று பொருள். கறுப்பு நிறம் கார்பன் கரித்தூளிலிருந்து வருகிறது. கரித்தூள் வெயிலுக்கு வெளுக்கும் பொருளே அன்று. வெயிலின் புற ஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து பாலிபுரோப்பிலீனின் நீண்ட மூலக்கூறு இழைகளைத்தான் அறுக்கின்றன. இழை அறுந்த மேற்தோல் சுருங்கி, வறண்ட குளத்தின் தரைபோல் நுண்ணிய வெடிப்புகள் விடுகிறது. அதுவரை பிளாஸ்டிக்குக்குள் புதைந்திருந்த டால்க் வெளியே தெரியத் தொடங்குகிறது. வெளுத்த இடத்தை விரலால் அழுத்தித் தேய்த்தால் கரும்பலகையைத் தொட்டதுபோல் ஒரு மாவு ஒட்டும்; அது இதுதான்.

வெடிப்புகளில் காற்று நிற்கும்போது, படும் வெளிச்சம் நாலாபுறமும் சிதறுகிறது. சிதறும் வெளிச்சம் நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. பாலிபுரோப்பிலீனுக்கு ஏறத்தாழ 1.49. வெடிப்பில் 1.33 உள்ள நீர் புகுந்தால் சிதறல் குறைகிறது, 1.47 அளவில் உள்ள எண்ணெய் புகுந்தால் அனேகமாக மறைந்தே போகிறது. நீங்கள் கழுவக் கொடுத்த இடத்தில் தடவிய திரவம் செய்த மாயம் இவ்வளவே. மழை அதை அடித்துச் சென்றதும் வெடிப்புகளில் மீண்டும் காற்று புகுந்துவிட்டது. அந்தத் திரவம் எதையும் சரி செய்யவில்லை. அதே வேளையில் அது உங்கள் பாகத்தைக் கெடுத்துவிடவும் இல்லை.

நனைத்த பிறகும் சாம்பலாகவே தெரிந்தால் மேற்தோல் ஆழமாக அரித்துவிட்டது என்று கொள்ளலாம். பெயிண்டை ஒட்டிய ஓரத்தில் மட்டும் கோடு கிழித்தாற்போல் வெண்மை இருந்தால், அது பெரும்பாலும் பாலிஷ் போடும்போது பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் ஏறிக் காய்ந்த வேக்ஸாகவே இருக்கும். இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணிக்கொண்டுதான் பலரும் தவறான மருந்தைத் தேடுகிறார்கள்.

பழைய_பம்பர் எழுதியது:

நெடுவழி கேட்ட ஹீட் கன் யோசனையை எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. என் பழைய வண்டியின் பின் பம்பரில் இரண்டு நிமிடங்களில் கறுப்பு திரும்பி வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். எந்தத் திரவமும் தடவவில்லை. மழையில் அது கரைந்து ஓடவும் இல்லை.

மேற்பரப்பு எழுதியது:

ஐயா, நீங்கள் கண்டது உண்மை. அது எப்படி நிகழ்கிறது என்று பார்த்தால், எங்கே முடியும் என்பதும் தெரியும். பாலிபுரோப்பிலீன் 160 பாகை செல்சியஸை ஒட்டி உருகுகிறது. சூடு பட்டதும் மேற்தோல் உருகி வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. மேற்பரப்பு சமமாவதால் ஒளிச் சிதறல் நின்று கறுப்பு தெரிகிறது. ஆனால் அறுந்த இழைகள் சூட்டினால் மீண்டும் பின்னிக்கொள்வதில்லை. தொழிற்சாலையில் கலக்கும்போது வெயிலைத் தாங்குவதற்கென்று சேர்த்த ஒளி நிலைப்படுத்திகள் அந்தத் தோலில் ஏற்கெனவே செலவாகிவிட்டிருக்கும். சூடு காட்டுவதால் அவை திரும்பி வருவதில்லை. ஆகவே அதே பாகம் அடுத்த கோடையில் முதல் தடவையைவிட விரைவாக வெளுக்கும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று சூடு காட்டக் காட்டத் தோல் மொறுமொறுப்பாகிக்கொண்டே போகும்.

என் கையால் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கதவின் கீழ்ப்பட்டை ஒன்றில் ஹீட் கன்னை ஓர் அடி தூரத்தில் பிடித்து மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் வெண்மை போகவில்லையே என்று மூன்று விநாடி கூடுதலாக நிறுத்தினேன். அந்த இடத்தில் தோலின் வரிவரியான சொரசொரப்பு கண்ணெதிரே படிந்து, ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு எண்ணெய் வைத்ததுபோல் பளபளத்தது. பட்டை ஆறிய பிறகு பார்த்தால் நடுவில் நெல்மணி கனத்துக்கு மேலெழுந்து, கதவுக்கும் பட்டைக்கும் இடையே ஒரு சந்து விழுந்திருந்தது. அச்சில் வார்க்கும்போது பிளாஸ்டிக்குக்குள் அடங்கி நின்ற இழுவிசை சூட்டில் தளர்ந்ததால் வந்த கோணல் அது; அதை எதனாலும் நிமிர்த்த முடியவில்லை. ஹீட் கன்னின் வாயில் வரும் காற்று 500 பாகைக்கும் மேல் போகக்கூடியது என்பதால், பக்கத்திலுள்ள பெயிண்டும் கண்ணாடி ஓரத்து ரப்பரும் கூட ஆபத்தில் இருக்கின்றன. கழற்றிப் போட்டு மாற்றப்போகிற பாகத்தில் பழகிப் பார்க்கலாம். வண்டியில் இருக்கும் பாகத்தில் செய்யுமாறு நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

கைவேலை எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. சிலர் டீசலையோ பழைய எஞ்சின் ஆயிலையோ துணியில் நனைத்துத் துடைக்கிறார்கள். வேறு சிலர் கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெய் மாதக்கணக்கில் நிற்கிறது என்கிறார்கள். இவற்றால் தீங்கு உண்டா?

மேற்பரப்பு எழுதியது:

டீசலும் எஞ்சின் ஆயிலும் கூடவே கூடாது. ஈபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி ஊதிப் பருத்துவிடும். கதவையும் கண்ணாடியையும் சுற்றியுள்ள சீல்கள் பெரும்பாலும் அந்த ரப்பரால் ஆனவையே. தூசியும் அந்த எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

ஆளிவிதை எண்ணெயின் கதை வேறு. அது வெறுமனே ஆவியாகிப் போகும் எண்ணெய் அன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்லிய படலமாக இறுகும் தன்மையுடையது. அதனால்தான் கழுவும் இடங்களில் தடவும் சிலிக்கோன் திரவத்தைவிட நெடுநாள் நிற்கிறது. சீராகத் துடைக்காவிட்டால் பிசுபிசுப்பாகவே நின்று தூசியைப் பிடிக்கும், காலப்போக்கில் பழுப்பேறும். அதைவிட முக்கியமாக, இறுகும்போது அது வெப்பத்தை வெளியிடுகிறது. எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி ஒரு மூலையில் எறிந்தால், வெப்பம் உள்ளேயே சேர்ந்து, யாரும் நெருப்பு வைக்காமல் தானாகவே தீப்பற்றக்கூடும். பயன்படுத்திய துணியை வெளியே தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் அமிழ்த்தி மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். இதை அறியாமல் பட்டறையையும் வீட்டையும் இழந்தவர்கள் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

நெடுவழி எழுதியது:

ஈரத்துணிச் சோதனையைச் செய்து பார்த்தேன். பம்பரும் கிளாடிங்கும் நனைத்ததும் அப்படியே கறுத்தன. கால் மணி நேரத்தில் மீண்டும் வெளுத்தன. கதவுக் கைப்பிடிக்கு அருகிலும் கிளாடிங்கின் மேல் ஓரத்திலும் இருந்த வெள்ளைக் கோடு நனைத்தபோதும் மாறவில்லை. அது நீங்கள் சொன்ன வேக்ஸ்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பென்சில் அழிப்பானால் தேய்த்தபோது உருண்டு உருண்டு வந்துவிட்டது. வைப்பருக்கு அடியிலுள்ள தட்டுதான் கவலை தருகிறது. நனைத்தாலும் அது சாம்பலாகவே இருக்கிறது. நகத்தால் கீறினால் வெள்ளைத் துகள் உதிர்கிறது. ஒரு கிளிப்புக்கு அருகில் விரிசலும் விட்டிருக்கிறது.

மேற்பரப்பு எழுதியது:

அந்தத் தட்டை மாற்றிவிடுங்கள். கண்ணாடிக்கு அடியில் படுத்த நிலையில் கிடப்பதால் நேர்வெயில் முழுவதையும் அதுவே வாங்குகிறது. கீழே எஞ்சின் சூடும் சேர்கிறது. விரிசல் விட்டுவிட்டதால் எதைப் பூசினாலும் வீண் செலவுதான்.

பம்பருக்கும் கிளாடிங்குக்கும், திரவமாகத் தடவியதும் மெல்லிய படலமாக இறுகும் செராமிக் வகைப் பூச்சு போதும். ஆனால் பூச்சைவிட அதற்கு முன் செய்யும் சுத்தத்தில்தான் உங்கள் நேரத்தில் முக்கால் பங்கு போக வேண்டும். கார் ஷாம்புவால் கழுவிய பிறகு, பல்நோக்கு க்ளீனரை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து நீர்த்து, மென்மையான தூரிகையால் நுரை எழத் தேய்த்து, காயவிடாமல் அலசுங்கள். சொரசொரப்பின் பள்ளங்களுக்குள் அழுக்கு ஒளிந்திருக்கும் என்பதால் தூரிகையை நேராகவும் குறுக்காகவும் வட்டமாகவும் ஓட்டுங்கள். நுரை சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. நுரை வெள்ளையாக வரும்வரை மூன்று நான்கு முறை திரும்பச் செய்யுங்கள்.

எண்ணெய் முழுவதும் போய்விட்டதா என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. வெயிலில் அடிபட்ட பாலிபுரோப்பிலீனின் தோல் புதிய தோலைவிட நீரை நன்றாக ஏற்கும். அலசிய பிறகு நீர் படலமாகப் பரவினால் நீங்கள் தோலைத் தொட்டுவிட்டீர்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் பழைய சிலிக்கோன் இன்னும் மிச்சமிருக்கிறது. அந்த மிச்சத்தின் மேல் பூசிய பூச்சு சில வாரங்களில் உரிந்துவிடும், அப்போது பூச்சின் மேல்தான் எல்லோரும் பழி போடுவார்கள்.

கழுவி முடித்த அன்றே பூசாதீர்கள். கிளாடிங் இணைப்புகளுக்குப் பின்னால் தேங்கிய நீர் நெடுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். ஓர் இரவு விடுங்கள். மறுநாள் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு நீரில் கலந்து துடைத்து, பெயிண்ட் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நிழலில், கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் பாகத்தில் வேலையைத் தொடங்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடமாகவும் இருக்கட்டும். பூச்சை அப்ளிகேட்டரில் சில துளிகள் மட்டும் விட்டு, ஒரு முழ நீளத்துக்கு மேல் போகாமல், குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். பெட்டியில் சொன்ன நேரம் கழித்து, வேறொரு மைக்ரோஃபைபர் துணியால் மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். இந்தத் துடைப்பைச் சோம்பலாகச் செய்தால், தேங்கிய இடம் அடர் திட்டாக இறுகிவிடும். பெயிண்டாக இருந்தால் பாலிஷ் போட்டு எடுக்கலாம், சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் அதற்கு வழியில்லை. முதலில் கண்ணில் படாத மூலையில் பூசிப் பார்க்கச் சொல்வதும் இதற்காகவே. ஒரு நாள் முழுவதும் நீர் படக்கூடாது. ஒரு வாரம் ஷாம்பு வேண்டாம். துணிகளைத் துவைத்து மீண்டும் பயன்படுத்தாதீர்கள், அவற்றில் இறுகும் பூச்சு அடுத்த முறை பெயிண்டைக் கீறும்.

பூச்சாளர் எழுதியது:

பெயிண்ட் வேலை செய்கிறவன் என்ற முறையில், ஸ்பிரே பெயிண்ட் பற்றி எவரும் பதில் சொல்லாததால் எழுதுகிறேன். பாலிபுரோப்பிலீனில் எதுவும் எளிதில் ஒட்டாது. புதிய பம்பர்களுக்குத் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும் முன் நெருப்புச் சுவாலையைத் தோலின் மேல் ஓட்டுவதோ, குளோரின் சேர்ந்த பாலியோலிஃபின் பிரைமர் அடிப்பதோ இதற்காகத்தான். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பிரைமரும் பெரும்பாலும் இந்த வகையே. வெயில் பட்ட தோல் நீரை ஏற்கும் என்று மேலே சொன்னது சரி என்றாலும், அந்தத் தோலே மாவாக உதிர்வதால், அதில் ஒட்டிய பெயிண்ட் தோலோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். மாவு போகும்வரை தேய்த்தால் சொரசொரப்பு அழிந்து, பாகத்தின் முகமே மாறிவிடுகிறது. ஒரு முறை பெயிண்ட் அடித்துவிட்டால் பிறகு ஒவ்வொரு கல் தெறிப்பும் தனியாகத் தெரியும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றை வேண்டுகோளாகவே சொல்கிறேன். அருகிலுள்ள கதவையோ பம்பரையோ பெயிண்டுக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், பிளாஸ்டிக்கில் சிலிக்கோன் திரவம் தடவியிருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துணியிலும் காற்றிலும் அது எங்கும் பரவும். ஈரப் பெயிண்டில் ஒரு துளி விழுந்தாலே பெயிண்ட் விலகி, மீன் கண்போல் வட்டக் குழிகள் விழுகின்றன. ஒரு முழுக் கதவையும் சுரண்டித் திரும்பத் தொடங்க வேண்டியிருந்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது.

கைவேலை எழுதியது:

செராமிக் பூச்சின் மேல் நீர் முத்தாக உருள்வதைக் காட்டி, வெயிலிலிருந்தும் காக்கும் என்கிறார்களே, அது சரியா?

மேற்பரப்பு எழுதியது:

நீர் உருள்வதற்கும் வெயிலைத் தடுப்பதற்கும் தொடர்பில்லை. நீர் உருள்வது மேற்பரப்பின் தன்மை. கதிரைத் தடுப்பதற்கு அதை உறிஞ்சும் பொருள் போதிய தடிமனில் இருக்க வேண்டும். கையால் துடைத்துப் பூசும் படலம் ஒரு சில மைக்ரோமீட்டரைத் தாண்டுவது அரிது. அதில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் இருந்தாலும், அது கொஞ்சம் கை கொடுக்குமே தவிர முழுக் குடை ஆகாது. வெளிப்புறப் பாகங்களின் வெயில் தாங்கும் திறனை அளக்க வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே2527 என்ற செனான் விளக்குச் சோதனை இருக்கிறது. வெறும் வாசகங்களைவிட, இத்தகைய சோதனையின் முடிவைக் காட்டுகிறார்களா என்று பார்ப்பது மேல்.

பூச்சு உண்மையில் செய்வது வேறு. வெடிப்புகளை நிரப்பி ஒளிச் சிதறலை நிறுத்துகிறது, அழுக்கும் வேக்ஸும் உள்ளே இறங்காமல் தடுக்கிறது, மழையில் கரைந்து ஓடாமல் நிற்கிறது. எனவேதான் புதிய பாகத்துக்கு, அது வெளுக்கும் முன்பே பூசிவிடச் சொல்கிறேன். வெடிக்காத தோலில் பூச்சு சீராகவும் உட்காரும். நிழலில் நிறுத்துவதற்கு ஈடான பாதுகாப்பு எந்தப் புட்டியிலும் இல்லை. திறந்த வெளிதான் கதி என்றால், வாரத்துக்கு ஒரு முறையாவது வண்டியின் முகத்தைத் திருப்பி நிறுத்துங்கள். வலப்பக்கம் மட்டும் முந்தி மூப்படைவது குறையும். காரம் மிகுந்த நுரையைப் பீய்ச்சும் இயந்திரக் கழுவலையும் தவிர்த்தால் பூச்சின் ஆயுள் கூடும்.

நெடுவழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி சொல்லவே திரும்பி வந்தேன். வைப்பர் தட்டை மாற்றிவிட்டேன். புதியதைப் பொருத்தும் முன்பே மேசையில் வைத்துப் பூசியது எவ்வளவோ வசதியாக இருந்தது. பம்பரையும் கிளாடிங்கையும் சுத்தம் செய்யவே ஒரு முழு நாள் போயிற்று. நான்காம் முறைதான் நுரை வெள்ளையாக வந்தது. அதன் பிறகே நீரும் உருளாமல் பரவியது. காய்ந்ததும் கிளாடிங் எப்போதையும்விட வெளுத்துத் தெரிந்ததால், கெடுத்துவிட்டோமோ என்று அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் பூசிய முதல் முழத்திலேயே அந்தக் கவலை போயிற்று. பளபளப்பு இல்லாமல், புதிதாக வாங்கியபோது இருந்த அதே மங்கல் கறுப்பு வந்தது.

இரண்டு மாதங்களாகியும், பல மழைகளுக்குப் பிறகும் கதவில் ஒரு கோடுகூட வழியவில்லை. பின்சக்கர வளைவுக்கு மேல் ஓரிடத்தில் மட்டும் துடைக்கத் தாமதித்ததால் உள்ளங்கை அகலத்துக்குச் சற்று அடர்ந்த திட்டு நின்றுவிட்டது. சாய்வெயிலில் குனிந்து பார்த்தால் தெரிகிறது. அதை எடுக்க ஏதேனும் வழி உண்டா?

மேற்பரப்பு எழுதியது:

அந்த இடத்தின் மேலேயே இன்னொரு மெல்லிய பூச்சை, திட்டைச் சுற்றிக் கையகலம் தாண்டிப் பரப்பித் துடைத்துப் பாருங்கள். ஓரம் கரைந்து பார்வைக்கு மறையக்கூடும். முதலில் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, மாலை நேரத்தில் பாகம் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள். அதற்கும் மறையாவிட்டால் தேய்த்து எடுக்க முயல வேண்டாம், சொரசொரப்பு போய்விடும். பூச்சு தானே தேய்ந்து அடுத்த முறை பூச வேண்டிய காலம் வரும்வரை அப்படியே விட்டுவிடுங்கள்.